சலவைக்கடை மாப்பிள்ளையின் நீலப்படம்

என் சின்ன மருமகனுக்குச் சலவைக்கடையில் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குப் படம் அச்சடிக்கும் ஆசை வந்தது. எங்கள் தெரு போட்டோ ஸ்டூடியோக்காரர் தன் மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறார். தாளில் மருந்து பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஃபிலிமை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். பிறகு அலசினால் படம் நீலமாக எழும்பும். “வெயிலும் அலசலும் நம்ம தொழில்தானே அத்தை!” என்று சேர்ந்துவிட்டார்.

ஒரு மாதத்தில் ஆறு படங்கள் பாழ். ஆறிலும் என் மகள் முகம்தான். ஒன்றில் பிரஷ் இழுத்த இழுப்பில் அவளுக்கு மீசையே முளைத்திருந்தது.

வகுப்பின் கடைசி ஞாயிறு மாலை எல்லார் படத்தையும் ஸ்டூடியோ மாடிச் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை கடையில் ஒருவர் விடாமல் அழைத்துவிட்டார். மகள் மட்டும் மசியவில்லை.

“என் மூஞ்சி பாக்குற மாதிரி இருந்தா மாட்டுங்க. இல்லேன்னா நானே வந்து கிழிச்சுப் போட்டுருவேன், ஆமா!”

அன்று காலை வீட்டில், மருந்து பூசிய தாள் ஒன்றுதான் மிச்சம். வெயிலில் காட்டி, குளியலறைத் தொட்டியில் போட்டார். முகம் அச்சு அசலாக வந்தது. எனக்கே கை தட்டத் தோன்றியது. ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள். இன்னும் நாலு அலசு அலசினால் போயிருக்கும். வெள்ளையில் மஞ்சளைக் கண்டால் அந்த மனிதர் கை சும்மா இருக்குமா? பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை சலவைச் சோடாவைத் தூவிவிட்டார்.

நீலம் கண்ணெதிரே வெளுத்தது. “ஐயோ!” என்று தாளைத் தூக்கினார். கூந்தலும் புருவமும் கண்ணும்தான் மிஞ்சின.

“சோடா ஆகாதுன்னு வாத்தியார் சொல்லலையா மாப்பிள்ளை?”

“சொன்னாரு அத்தை. காதுக்குக் கேட்டுச்சு, கைக்குக் கேக்கலை.”

சத்தம் கேட்டு மகள் வந்தாள். அவர் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், வேட்டியெல்லாம் ஈரம். அவள் பிடுங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஏங்க, இந்தக் கண்ணுக்குக் கீழ இருந்த சுருக்கமெல்லாம் எங்க?”

“அது... போயிருச்சு.”

“ம். இப்பத்தான் ஒழுங்கா எடுத்திருக்கீங்க. நடுவுல மாட்டச் சொல்லுங்க. நானும் வரேன்.”

நடுவில்தான் மாட்டினார்கள். சலவைக்கடையே வந்து நின்று ஆஹா என்றது. எனக்கு அது பாதி அழிந்த தாளாகத்தான் தெரிந்தது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், மகளிடம் தவிர.