முதல் ரவுண்டுச் சீட்டு

சித்ரகலாவோடு டீக்கடைக்குப் போனால் மானம் போய்விடும். வடையைக் கையில் வாங்கினால் உடனே கடிக்க மாட்டாள், ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்பாள். மண்ணரையில் நாங்கள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் சூப்பர்வைசர், நான் பேக்கிங். பதினெட்டு வருடத்தில் அவள் கண்ணைத் தப்பி ஒரு டேமேஜ் பீஸும் என் மேசைக்கு வந்ததில்லை. தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, எதைக் கண்டாலும் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை அங்கே ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். குறை இல்லாத பீஸில் ஒட்ட ஒன்றும் இல்லை, அது பாஸ்.

கல்லூரிக் காலத்தில் அவள் குத்துச்சண்டை போட்டவள். மணிக்கட்டு முறிந்த பிறகு ரிங்கில் ஏறுவதை விட்டாள், ஆனால் குத்துச்சண்டையை விடவில்லை. பரீட்சை எழுதி, மதிப்பெண் போடும் ஜட்ஜ் ஆனாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றால் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மணி அடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று என்னையும் இழுத்துப் போனாள். எனக்கு அடிதடியே ஆகாது. மத்தியானம் பிரியாணி உண்டு என்பதால் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன ஆவணியில் மாவட்டத் தேர்வுப் போட்டி நடந்தது. ஹெவிவெயிட் இறுதிச் சுற்றில் ஜெயிப்பவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஒரு பக்கம் வெள்ளையன். காதர்பேட்டையில் பனியன் பண்டல் சுமக்கிறவர், வயது முப்பத்தொன்பது. நாற்பது ஆனவர்களைச் சேர்ப்பதில்லை என்பதால் அவருக்கு இதுதான் கடைசி வருடம். பல தடவை முயன்றும் மாநிலப் போட்டிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. மறு பக்கம் நித்தீஷ், இருபத்திரண்டு வயது, காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர் மகன். கோயமுத்தூரில் கோச் வைத்துப் பழகியவன்.

மொத்தம் மூன்று ரவுண்டு, மூன்று ஜட்ஜ். ஒவ்வொரு ரவுண்டிலும் சுத்தமாக அதிகக் குத்து இறக்கியவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது. ரவுண்டு முடிந்ததும் மதிப்பெண் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொடுத்த சீட்டு கொடுத்ததுதான்.

முதல் ரவுண்டில் நித்தீஷைப் பார்க்கக் கண்ணுக்கு அழகாக இருந்தது. இரண்டு கையும் கன்னத்தை விட்டு இறங்கவில்லை, கால் பின்னவில்லை. வெள்ளையனோ இடது தோளைத் தொங்கவிட்டார், ஒரு தடவை கால் இடறினார், ஒரு குத்து கை விரிந்து அறையாகப் போய் விழுந்தது. ஆனால் அதற்கு நடுவே அவருடைய இடது கை நேராக நாலு தடவை நித்தீஷ் முகத்தில் இறங்கியது. நித்தீஷ் பதிலுக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று. மணியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கே அது தெரிந்தது.

இரண்டாவது ரவுண்டில் சந்தேகத்துக்கே இடமில்லை. வெள்ளையன் விலாவில் இறக்கிய இரண்டு குத்தில் நித்தீஷ் கயிற்றோடு சாய்ந்துவிட்டான். மூன்றாவதில் வெள்ளையனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. நித்தீஷ் தள்ளி நின்றே எட்டி எட்டி அடித்து அந்த ரவுண்டை நியாயமாக எடுத்தான். இந்த இரண்டிலும் மூன்று ஜட்ஜும் ஒரே மாதிரிதான் போட்டிருந்தார்கள். முதல் ரவுண்டில் ஒருவர் வெள்ளையன் பக்கம், ஒருவர் நித்தீஷ் பக்கம், சித்ரகலா நித்தீஷ் பக்கம். இரண்டுக்கு ஒன்று என்று நித்தீஷ் கையைத் தூக்கினார்கள்.

வெள்ளையன் அவனைக் கட்டிப்பிடித்துத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

சித்ரகலா நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் தனக்காகக் குறித்துக்கொள்ளும் குட்டி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் ரவுண்டில் வெள்ளையன் பேருக்கு நேரே தோள், கால், அறை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி. நித்தீஷ் பேருக்கு நேரே ஒன்றுமே இல்லை. விழுந்த அடி எதையும் அவள் எழுதவே இல்லை.

"பீஸ் பாத்திருக்கறனுங்க. சண்டையப் பாக்கவே இல்ல" என்றாள்.

நானாக இருந்தால் நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு பிரியாணிக்குப் போயிருப்பேன். அதைத்தான் அவளிடமும் சொன்னேன், மற்றொரு ஜட்ஜும் அப்படித்தானே போட்டிருக்கிறார் என்றேன். அவர் என்ன பார்த்துப் போட்டார் என்று அவருக்குத் தெரியும், நான் என்ன பார்த்தேன் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, முதல் ரவுண்டில் தான் போட்டது தப்பு என்று உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கடிதம் எழுதிப் போட்டி நடத்தும் சங்கத்து ஆட்களிடம் கொடுத்தாள். அவர்கள் படித்தார்கள். முடிவு மாறாது, இந்த வருடம் இனி உங்களுக்கு ஜட்ஜ் நாற்காலியும் கிடையாது என்றார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள்.

வெள்ளையன் வெளியே குழாயடியில் உட்கார்ந்து கையில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சித்ரகலா எதிரே போய் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, மொத ரவுண்டு உங்களுதுங்க. நாந்தான் தப்பாப் போட்டுட்டனுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தப் போகிறார் என்று நான் ஓர் அடி பின்வாங்கினேன், ஆள் தொண்ணூறு கிலோ. அவர் அவிழ்த்த துணியைக் கீழே வைத்தார்.

"அப்ப ஜெயிச்சது நானுங்களா அம்மிணி?"

"ஆமாங்கண்ணா. நீங்கதானுங்க."

வெள்ளையன் மற்றக் கைத் துணியையும் அவிழ்த்து வைத்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து மனைவி மருதாளைக் கூப்பிட்டு, இதை இவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சித்ரகலா கையில் கொடுத்தார். அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பை எங்கேயும் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மருதாள் பேசியது எனக்கும் கேட்டது.

"அப்ப அதை மாத்தி எழுதிப்போடுங்க அம்மிணி."

"மாத்த முடியாதுங்கக்கா" என்று சொல்லும்போது சித்ரகலாவின் குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெள்ளையன் போனை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"உடு மருதா. ஜெயிச்சுப்போட்டு வாங்கன்னுதான சொல்லி உட்ட? ஜெயிச்சுப்போட்டுத்தான் வர்றேன்."