எண்பது ஜிபியிலை ஒரு செத்தவீடு

போன கிழமை யாழ்ப்பாணம் ரவுனுக்கு லப்ரொப் வாங்கப் போனனான். "அங்கிள், ஹாட்டிஸ்க் இருநூற்றம்பத்தாறு ஜிபி காணுமோ? ஐந்நூற்றுப் பன்னிரண்டும் இருக்கு, ஆயிரமும் இருக்கு" எண்டு கடைப்பிள்ளை கேட்டா. கேட்டுக்கொண்டே ஏதோ தண்ணியைத் தெளிச்சு ஸ்கிறீனைத் துடைச்சா. அதிலை ஓடிக்கொலோன் மணம். எங்கடை தீவிலை ஓடிக்கொலோன் மணந்தால் பக்கத்திலை எங்கையோ செத்தவீடு. பிள்ளை பதிலுக்குக் காத்துக்கொண்டு நிக்குது, நான் நினைப்பிலை சுருவில் எண்ட ஊரிலை ஒரு வாசலிலை கமராவோடை நிக்கிறன்.

அப்ப நான் கரம்பொனிலை இருந்து தீவுப்பகுதி முழுக்க ஓடித் திரிஞ்ச வீடியோக்காரன். கலியாணம், முதல்நன்மைப் பூசை, செத்தவீடு எல்லாத்துக்கும் நான்தான். செத்தவீட்டை வீடியோ எடுக்கிறதோ எண்டு வெளி ஆக்கள் சிரிப்பினம். வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளுக்கு அதுதான் கடைசி முகம். எடுத்ததை ஒரு மணித்தியாலப் படமா வெட்டிச் சுருக்கி, டிவிடி அடிச்சு அனுப்புவன். அதே கசெற்றிலை அடுத்த வீட்டை எடுப்பன். என்ரை லப்ரொப்பிலை இருந்தது எண்பது ஜிபி. வாங்கேக்கை கடைக்காரர் நூற்றறுபது எடுக்கச் சொன்னவர். "எங்கடை தீவிலை நூற்றறுபது ஜிபிக்கு என்ன நடக்கப்போகுது அண்ணை?" எண்டு கேட்டனான். இந்த வாய் என்னோடை கூடப் பிறந்தது.

றோசலின் அக்கா பிரான்சிலை. சுருவிலிலை தாய் செத்த நேரம் அவவுக்கு விசா சரிவரேல்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. எனக்குப் போன் எடுத்தா.

"தம்பி, நீர் ஒண்டும் வெட்டக்கூடாது. காலமை துவங்கி, சேமக்காலையிலை மண் போடுற மட்டும் அப்பிடியே வேணும். நான் அங்கை இருந்தால் முழுக்க இருந்திருப்பன்தானே."

ஓம் எண்டிட்டன். நாலு கசெற். லப்ரொப்பிலை ஏத்தப் பாத்தால் இடம் காணாது. உள்ளுக்கை இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தது எங்கடை கலியாண வீடியோ. ஊருக்கெல்லாம் டிவிடி அடிச்சுக் குடுத்த நான், எங்கடையை நாளைக்கு அடிப்பம், நாளைக்கு அடிப்பம் எண்டு ரெண்டு வருசம் வச்சிருந்தன். வேறை கொப்பியும் இல்லை.

மனிசி குசினியிலை மீன் வெட்டிக்கொண்டு இருந்தவ. விசயத்தைச் சொன்னன். தலை நிமிரேல்லை.

"அழியுங்கோ. எங்கடை கலியாணத்துக்கு நான் நேரிலை வந்தனான்தானே. அவவுக்கெல்லோ வரேலாமல் போச்சு."

ஆரைக் கட்டியிருக்கிறன் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் வடிவா விளங்கினது.

அழிச்சன். எங்கடையை முதல் டிவிடியிலை அடிச்சிருந்தால், இல்லாட்டி ஒவ்வொரு கசெற்றா ஏத்தி, டிவிடி அடிச்சிட்டு அடுத்ததை ஏத்தியிருந்தால் கலியாணமும் தப்பியிருக்கும் எண்டு ஒரு மாசம் கழிச்சுத்தான் மூளையிலை பட்டது. மனிசிக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்லை. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. நான் ஒருகாலத்திலை மெலிஞ்ச மாப்பிளை எண்டதுக்கு இப்ப ஒரு ஆதாரமும் இல்லை. என்ரை பிள்ளையளே நம்புதுகள் இல்லை.

டிவிடி போய்ச் சேந்த கையோடை அக்கா போன் எடுத்தா. "லீவு போட்டிட்டு இருந்து பாத்தனான் தம்பி. பெட்டிக்குக் கீழாலை கோழி ஓடினதையும் பாத்தன். பெரியம்மா என்ரை பேரைச் சொல்லி அழுதவ என்ன?"

வழக்கமா நான் முதல் வெட்டுறதே அந்த ரெண்டையும்தான். அத்தனை வருசம் வெட்டி ஒட்டினதுக்கு ஒருத்தரும் என்னை மெச்சினதில்லை. கையை வச்சுக்கொண்டு சும்மா இருந்ததுக்குத்தான் நன்றி கிடைச்சது. சிரிச்சால் சிரியுங்கோ, எனக்கு இன்னும் அது பெருமை. அந்த நாலு கசெற்றையும் பிறகு நான் லப்ரொப்பிலை இருந்து அழிக்கேல்லை. மிஞ்சின இடத்திலை, ஒரு நுளம்புவலைக்குள்ளை பத்துப்பேர் படுத்த மாதிரித்தான் மிச்சத் தொழிலைச் செய்தனான்.

கடைப்பிள்ளையிட்டை, "ஆயிரத்தைத் தாங்கோ" எண்டன். தீவைக் குறைச்சு மதிச்ச காலம் போட்டுது.

இப்ப செத்தவீடு போனிலேயே நேரலையாப் போகுது. சிக்னல் விட்டால் அழுகையும் நிண்டிடும். முடிஞ்சால் முடிஞ்சதுதான், ஒருத்தரும் சேத்து வைக்கிறேல்லை.

விசா சரிவந்தும் அது இது எண்டு இழுபட்டு, போன வருசம்தான் றோசலின் அக்கா ஊருக்கு வந்தா. தாய்வீட்டிலை ரெண்டு சுவர்தான் மிச்சம். அந்த வீடியோவை அங்கை வச்சே பாக்கவேணும் எண்டா. என்ரை பழைய லப்ரொப்புக்கு பற்றறி செத்துக் கனகாலம். பக்கத்து வீட்டிலை இருந்து வயர் இழுத்து, கிணத்துக்கட்டிலை வச்சுப் போட்டுக் காட்டினன். பெட்டியைச் சுத்திச் சொந்தக்காரர் படத்துக்கு நிக்கிற கட்டம் வந்தது. தலைமாட்டிலை, அக்கான்ரை தமையனுக்குப் பக்கத்திலை, ஓராள் நிக்கிற அளவுக்கு இடைவெளி. எடுத்த எனக்கே அது கண்ணிலை படேல்லை.

"அது அண்ணை எனக்கு விட்ட இடம்" எண்டா அக்கா.

ஸ்கிறீனையும் நிலத்தையும் மாறி மாறிப் பாத்து அந்த இடத்தைக் கண்டுபிடிச்சா. தாய் இல்லை, தமையன் இல்லை, கூரை இல்லை, சுத்தி நிண்ட ஆக்களிலை பாதிப்பேர் இல்லை. பெட்டி இருந்த இடத்திலை எருக்கலைச் செடி நிக்குது. அதுக்குப் பக்கத்திலை போய், சீலையை இழுத்துச் சரிபண்ணி, நேரா நிண்டா.

"இப்ப எடும் தம்பி."