யோகேஸ்வரி ரீச்சரின் நோவை யாரும் கேட்கவில்லை

ஞாயிறு காலை தொலைபேசியில் சொன்னார்கள், யோகேஸ்வரி ரீச்சர் போய்விட்டார் என்று. நான் செட்டிபாளையம் போய்ச் சேர்ந்தபோது செத்தவீட்டில் இரங்கலுரை நடந்துகொண்டிருந்தது. சுனாமியில் மகனைப் பறிகொடுத்த துயரமே கடைசியில் அவரையும் கொண்டுபோனது என்று ஒருவர் உருக்கமாகப் பேசினார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ரீச்சரின் உயிரை எடுத்தது பழுதான சிறுநீரகம். அது பழுதாகக் காரணம், வருடக்கணக்காக யாரும் தேடாமல் விட்ட ஒரு நோய். இதை வாசிக்கும் நீங்களாவது இதை அறியவேண்டும்.

நானும் படிப்பித்த எங்கள் பாடசாலையில் அவர் உடற்கல்வி ஆசிரியை. வலைப்பந்து அணியோடு தானும் மைதானத்தைச் சுற்றி ஓடியவர். சுனாமிக்குப் பிந்திய வருடங்களில், ஆசிரியர் அறை மேசையை இரண்டு கையாலும் ஊன்றித்தான் கதிரையிலிருந்து எழும்பினார். எலும்பெல்லாம் நோவு, அடங்காத தாகம், பிள்ளைகளின் பெயர்கூட மறந்தது. மகன் நினைவில் உருகுகிறார் என்று நாங்கள் இரக்கப்பட்டோம். அந்த இரக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அழுக வேற, எலும்பு நோவு வேற. எனக்குத் தெரியாதா?" என்றார்.

கிளினிக்குக்குத் துணையாகப் போயிருக்கிறேன். அவர் நோவைச் சொல்லி முடிக்குமுன்பே, சுனாமியில் யாராவது போனார்களா என்று மருத்துவர் கேட்பார். மகன் என்பார் ரீச்சர். அத்தோடு விசாரணை முடிந்துவிடும். நித்திரைக் குளிசை எழுதுவார்கள். பிறகு போரில் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் அதே வாங்கில் வந்து இருந்தார்கள். அவர்களுக்கும் அதே குளிசை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு வேறு நோயே வராது என்று யார் தீர்மானித்தது?

சிறுநீரகக் கல்லால் துடித்த பிறகுதான் ஒரு மருத்துவர் இரத்தத்தில் கல்சியம் பார்த்தார். அளவுக்கு மிஞ்சி இருந்தது. கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகளில் ஒன்று வீங்கி, எலும்பிலிருந்த கல்சியத்தை இரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. போர் முடிந்த வருடம், கொழும்பில் சத்திரசிகிச்சை.

அதற்கு முதல்நாள் ஓர் இளம் மருத்துவர் கட்டிலருகே இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்: எலும்பு நோவு, களைப்பு, தாகம், மறதி, மனக்கவலை. ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு காட்டி, இந்த முனை ஒன்றுமில்லை, அந்த முனை தாங்கமுடியாது, உங்களுடையது எங்கே என்றார். ரீச்சர் பேனையைப் பிடித்தபடி அழுதார். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று சொல்லி, தாளின் பிரதியை எங்களிடம் தந்துவிட்டார் அவர்.

சில மாதங்களின் பின் எங்கள் கிளினிக்கில் மருத்துவர் இரத்தத்தில் கல்சியத்தை மட்டும் பார்த்தார். எல்லாம் சரி என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். ரீச்சர் எழும்பவில்லை.

"ரத்தம் சரி, டொக்டர். நான் எப்பிடி இரிக்கன் எண்டு கேக்கல்லயே?"

வெளியே சனம் காத்து நிற்கிறது என்றார் அவர். ரீச்சர் தாளை எடுத்து மேசையில் வைத்தார். வேண்டாவெறுப்பாகக் கேட்கத் தொடங்கினார் மருத்துவர். எலும்பு நோவு ஒன்றுமில்லாத முனைக்கே வந்திருந்தது. களைப்பும் தாகமும் மறதியும் அதன் பக்கத்தில். மனக்கவலைக்கு மட்டும் ரீச்சர் பழைய இடத்திலேயே புள்ளி வைத்தார். இது குறையவில்லையே என்று மருத்துவர் முகம் சுருக்கினார்.

"அது என்ட மகன். அது குறையத் தேவையில்ல. மத்ததெல்லாம் நோய். ரெண்டையும் ஒண்டாக் கட்டி வெச்சது நீங்கதான்."

அதன் பிறகு சில வருடங்கள் ரீச்சர் மறுபடியும் வலைப்பந்துப் பிள்ளைகளோடு ஓடினார். ஆனால் சிறுநீரகம் அதற்குள் கெட்டிருந்தது. கேட்காமல் விட்ட வருடங்களை எந்தச் சத்திரசிகிச்சையாலும் திருப்பித் தர முடியவில்லை.

அவர் போன அடுத்த கிழமை, உடம்பு நோவென்று படுத்திருந்த என் மச்சாளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். போரில் பிள்ளையை இழந்தவள். எல்லாம் கவலைதான் என்று சொல்லி மருத்துவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். மச்சாள் எழும்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து இருத்தினேன். ரீச்சர் எனக்கு விட்டுப்போனது இந்தப் பிடிவாதம்தான்.

"எங்க நோகுது எண்டு அவவக் கேளுங்க, டொக்டர்" என்றேன்.

கேட்டார்.