அத்தை கறுப்பாக்கிய வெள்ளி

அப்பாவின் தங்கை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட முழுதாக முடியாமல், ஒரு பெட்டியோடு சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அத்தைக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் வந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அத்தையோ தினமும் காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து என்னைவிட இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டாள்.

தாம்பரத்தில் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேரப் போவதாக அவள் ஒரு நாள் சொன்னாள். பீஸ் நான் கட்டுகிறேன் என்றார் அப்பா. வேண்டாம் என்றுவிட்டாள். கல்யாணத்தின்போது தாத்தா கொடுத்த ராணி தலை வெள்ளி ரூபாய்கள் அவளிடம் ஒரு சுருக்குப் பையில் இருந்தன. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கறுத்துக் கிடந்த அவற்றைக் கிணற்றடியில் உட்கார்ந்து புளியும் விபூதியும் போட்டு விரல் நோகத் தேய்த்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் புதுக் கிண்ணம் போல மின்னின.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறினாள். பாரிமுனைச் சந்து ஒன்றில் இருந்த நாணயக் கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யாரும்மா இத்த தேய்ச்சது?"

"நான்தான்" என்றாள் அத்தை, பெருமையாக.

"பேஜார் பண்ணிட்டியேம்மா. ராணி மூஞ்சி பூரா கோடு கோடா கீது பாரு. சேர்க்கிறவன் எவனும் தொட மாட்டான். அந்தக் கறுப்புக்குத்தான் வெலையே. இப்போ வெறும் வெள்ளி. எடைக்கு வேணா எடுத்துக்கறேன்."

"திரும்பக் கறுக்காதா?"

"கறுக்கும். உன் பேரன் காலத்துல."

அத்தை பையை இறுக்கி முடிந்துகொண்டு எழுந்துவிட்டாள். பல்லாவரம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், "கந்தகம் பட்டா வெள்ளி கறுக்கும். ப்ளஸ் டூல படிச்சிருக்கேன். முட்டை மஞ்சள்ல கந்தகம் இருக்கு" என்றாள்.

எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லுக்கே இடம் கிடையாது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைசியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் கொல்லையில் கொய்யா மரத்தடிக்குப் போனது. பக்கத்து வீட்டு மாமி பார்க்காதபடி செய்தித்தாளில் சுற்றி முட்டை வாங்கிவரும் வேலை எனக்கு. வெந்த மஞ்சள் கருவைச் சூட்டோடு உதிர்த்து, நாணயங்களோடு ஒரு டப்பாவில் போட்டு அத்தை மூடி வைத்தாள். திறக்கும்போதெல்லாம் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். முதல்முறை பழுப்பாகத்தான் வந்தது. அவள் விடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து, துணியால் ராணி உருவத்தின் மேட்டை மட்டும் லேசாக ஒற்றி, பள்ளத்தில் கறுப்பை நிறுத்தினாள். எனக்கு அது மந்திரம் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் அலுவலக நண்பர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் நாணயம் சேர்ப்பவர். முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எடைக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு விலை சொன்னார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"பாலிஷ் எதுவும் போடலையேம்மா?" என்று நண்பர் பேச்சுவாக்கில் கேட்டார்.

அப்பா அவசரமாக, "அதெல்லாம் இல்ல சார், அப்பா காலத்துலேர்ந்து அப்படியே இருக்கு" என்றார்.

அத்தை காபித் தட்டைக் கீழே வைத்தாள். "இல்ல சார். நான் தேய்ச்சுட்டேன். அப்புறம் முட்டையில வெச்சுக் கறுப்பாக்கினேன். லென்ஸ் இருந்தா பாருங்க, கோடு தெரியும்."

அவர் பாதிக் காபியோடு விடைபெற்றுக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு வந்த அப்பாவுக்கு முகம் சிவந்திருந்தது. "வாயை மூடிண்டு இருந்தா என்ன கொறஞ்சு போயிடும்? அவரா கண்டுபிடிக்கப் போறார்?"

"அவங்களும் அப்படித்தானே நெனச்சாங்க" என்றாள் அத்தை. குரல் உயரவே இல்லை.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாளே அத்தை பாரிமுனைக்குப் போய் எல்லாவற்றையும் எடைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். பீஸுக்குக் குறைந்த பணத்துக்காகத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். படிப்பில் சேர்ந்தாள், முடித்தாள், குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கும் போனாள்.

எனக்கோ அவள்மீது வெகுநாள் கோபம் இருந்தது. அத்தனை நாற்றத்தைச் சகித்துக்கொண்டு செய்த மந்திரத்தை ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டாளே என்று. 'அவங்க' என்றால் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அத்தையின் கணவருக்கு வேலூரில் ஏற்கெனவே மனைவியும் குழந்தையும் இருந்ததையும், புகுந்த வீட்டில் எல்லோரும் அதைத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததையும் நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். அந்த வரனைப் பார்த்து, நன்றாக விசாரித்துவிட்டேன் என்று தாத்தாவிடம் உறுதி சொன்னது அப்பா என்பதையும்.