அக்கா விழுந்த இடம்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம்.

அக்கா இரும்பையில் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்தான், போகாத நாளில் அடித்ததும் அவர்தான். மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு மாமாவோடு உப்பளத்தில் கூடை சுமந்தார். கண்ணெரிச்சலும் பாத வெடிப்பும் கூடவே வந்தன. வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை. அவர் வைக்கும் குழம்பில் உப்பே இருக்காது. கேட்டால், "நாள் பூரா அதத்தான்டா சொமக்குறேன், சோத்துலயும் வேணுமா?" என்பார்.

அன்று உச்சி வெயிலில் கூடையோடு வரப்பில் விழுந்தவர் எழவில்லை. அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. கூட வேலை செய்த பெண்கள், குடிக்க வைத்திருந்த தண்ணீரை முகத்தில் தெளித்துப் பார்த்தார்கள். மூச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அறுத்துவிடுவார்கள் என்று பயந்து, உப்பு படிந்த புடவையை மாற்றி, வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அக்கா மேல் அவர்களுக்கு அவ்வளவு பாசம்.

வேலையில் நேரும் சாவுகளை மாநிலம் முழுவதும் கணக்கெடுப்பதாகச் சொல்லி, பிறகு ஓர் அதிகாரி வந்தார். சாவு பதிவான உப்பளத்தில் நிழலுக்குக் கொட்டகையும் உச்சிவேளை ஓய்வும் கட்டாயமாக்க எழுதுவோம் என்றார். "உயிரு எங்க போச்சுங்க?" என்று கேட்டார். மாமா தலைகுனிந்தபடி, "வீட்டுலதாங்க" என்றார். பெண்களும் அதையே சொன்னார்கள். முதலாளியைப் பகைத்துக்கொண்டு மறுநாள் எங்கே வேலைக்குப் போவது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

இப்போது அக்காவின் மகள் அதே அளத்தில் கூடை சுமக்கிறாள். வேறு வேலைக்காக வானூர் வரை கேட்டுப் பார்த்தேன், அமையவில்லை. கொட்டகை வரவில்லை. மதியமானால் வெயிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவைத் தோளில் தூக்கி வந்த சகோதரிகளே, துக்கத்தில் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட தெருக்காரர்களே, உங்களை எங்கள் குடும்பம் மறக்காது. யாரையும் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் அக்கா வீட்டில் இறக்கவில்லை, உப்பளத்தில் இறந்தார். இதை இந்த மலரிலாவது அச்சிட வேண்டும் என்று நினைத்தேன்.

எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர், "போடு மச்சான். ஆனா அளத்துப் பேரு வேணாம். நாளைக்கும் பாப்பா அங்கதான போவணும்" என்றார்.

நானும் பெயரை எடுத்துவிட்டேன்.