மடிக்காத சீட்டு

எங்கள் கூட்டுறவுக் குடியிருப்பில் இருபது வீடுகள். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் சேர்ந்து படி கழுவ வேண்டும், பனிக்காலத்தில் பனி அள்ள வேண்டும். மூன்று முறை வராதவரைக் கூட்டம் போட்டு வெளியேற்றலாம் என்று விதி. இரண்டாயிரங்களின் நடுவில் ஓர் இலையுதிர்காலத்தில் அந்த விதி மேல்மாடி மன்னார்க்காரியின் தலையில் வந்து விடிந்தது. டவுன்டவுன் உணவகம் ஒன்றின் சமையலறையில் அவளுக்கு ஞாயிறுதான் முழுநாள் வேலை. இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை.

அவளை வெளியேற்றக் கூட்டம் கூட்டிய தலைவர் ருமேனியாக்காரர், பொறியியலாளர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கொதிகலன் பழுதானால் அவரே நிலவறைக்குப் போய் எண்ணெய்க் கையோடு நிற்பார். தன் நாட்டில் கொம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்க்கத் தெருவில் நின்றவர். ஆனால் கூட்டத்தில் யாராவது மறுத்துப் பேசினால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு தானாக நின்றுவிடும்.

ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் தன் தகப்பனின் கதையைச் சொன்னார். ஆட்சி மாறியபின் வந்த முதல் தேர்தலில், கிழவர் வாக்குச்சீட்டை மடிக்காமலே கொண்டுவந்து அதிகாரியிடம் காட்டினாராம். மடியுங்கள் என்றதற்கு, "மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை" என்றாராம். சொல்லிவிட்டுத் தலைவர் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் மன்னார்க்காரி என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, கையுயர்த்தச் சொன்னா எனக்காக ஒருத்தரும் தூக்கமாட்டினம். சீட்டு எழுதிப் போடுவம் எண்டு நீங்கள் கேளுங்கோ. நான் கேட்டா எடுபடாது."

"ஓம், கேக்கிறன்" என்றேன்.

மறுநாள் கேட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டாயம்," என்றார். "அதற்காகத்தானே நாங்கள் தெருவில் நின்றோம்." ஒரு சப்பாத்துப் பெட்டியின் மூடியில் ஓட்டை வெட்டி மேசையில் வைத்தார். பக்கத்தில் தானும் அமர்ந்துகொண்டார்.

அவரால் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஊரில் சண்டைக் காலத்தில், துவக்கோடு எந்தப் படை வாசற்படலைக்கு வந்தாலும், நாங்கள் உங்கள் பக்கம்தான் என்று சொல்லியே உயிர் தப்பிய வீட்டில் வளர்ந்தவள் நான். சீட்டு எழுதிப் போடக் கேட்டவளே தன்னை எதிர்ப்பவளும் என்று அவர் நினைப்பாரே என்று பயந்தேன். 'வெளியேற்றலாம்' என்று எழுதினேன். பெட்டியருகே போய், அவர் கண்ணில் படும்படி சீட்டை விரித்துப் பிடித்தேன். பிறகுதான் போட்டேன். அவர் மெல்லத் தலையசைத்தார்.

எண்ணினார்கள். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் அவள் தப்பினாள். நான் பயந்த அளவுக்கு மற்றவர்கள் பயப்படவில்லை.

மன்னார்க்காரி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அக்கா, நீங்கள் இல்லாட்டி நான் பிள்ளையளோட தெருவில." அவள் தோளுக்கு மேலால் தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பனி அள்ளும் பட்டியலில் தலைவர் என் பெயரைப் போடவில்லை. என் வாசற்படிப் பனியை, தன் லீவு நாளில் மன்னார்க்காரிதான் வழித்துவிடுவாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் கதவைத் திறப்பேன்.

"குளிருது, உள்ள போங்கோ அக்கா. உங்களுக்குச் செய்யாம நான் ஆருக்குச் செய்யிறது?" என்பாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.