துண்டு போட்ட லோயர் பெர்த்

போன செவ்வாய்க்கிழமை திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். நான், என் மனைவி கோமதி, என் அண்ணி பவானி. தை அமாவாசைக்கு பூரி ஜெகந்நாதரைப் பார்க்க ரயில் டிக்கெட் போட வேண்டும்.

கம்ப்யூட்டரில் இருந்த ஷகிலா எங்கள் தெருப் பெண்தான். மூன்று பேர் பெயரையும் வயசையும் தட்டி முடித்துவிட்டு, "அவ்ளோதானா அங்கிள்?" என்றாள்.

"அவ்ளோதாம்மா."

"இல்ல... இன்னொரு ஆளு கீறாரு" என்றார் அண்ணி. "பேரு சேகர். ஆம்பள. வயசு அறுவத்தி ரெண்டு."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கோமதி என் தொடையைக் கிள்ளினாள். 

டிக்கெட் விழுந்தது. எங்கள் மூன்று பேருக்கும் வெயிட்டிங் லிஸ்ட். சேகருக்கு மட்டும் கன்ஃபார்ம். அதுவும் லோயர் பெர்த்!

"செம லக்கு அங்கிள் அவருக்கு. யாரு அவரு?" என்று சிரித்தாள் ஷகிலா.

என்ன சொல்வது அந்தப் பெண்ணிடம்?

சேகர் என் கூடப் பிறந்த அண்ணன். டிரெய்லர் டிரைவர். ஹார்பரில் லோடு ஏற்றிக்கொண்டு கல்கத்தா ரோட்டில் போனவர் திரும்பி வரவே இல்லை. அப்போது அவர் மகள் சுதா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வருகிற மாசியில் அவளுக்குக் கல்யாணம். பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். அண்ணிதான் ஓடிப் போய்ப் பேசினார். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமாகச் சொல்லத் தெரியும்.

"பவானி, இங்க ஒரு ஊர்ல தரைலேர்ந்தே சுடுதண்ணி வந்துகினு கீது. அடுப்பும் இல்ல, வெறகும் இல்ல. சாமியே கொதிக்க வெச்சிக் குடுக்குது. காலைல ரெண்டு முங்கு முங்கிட்டு கெளம்புறேன். ஒரு தபா உன்னிய இட்டாறேன்..."

ஒடிசாவில் குர்தா ரோடு ஜங்ஷனில் இறங்கிப் போக வேண்டிய ஊர் அது. அத்ரி என்று பெயர். வெந்நீர் ஊற்று. பக்கத்திலேயே சிவன் கோயில்.

லாரி அங்கேயே நின்றிருந்தது. லோடு அப்படியே. சாவி அப்படியே. ஸ்டியரிங் மேல் அண்ணன் துண்டு. அண்ணனை மட்டும் காணோம். லாரி ஓனர் ஆள் அனுப்பித் தேடினார். போலீஸ் தேடியது. ஊற்றில்கூட ஆள் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தத் துண்டுதான் அண்ணியைப் பிடித்துக்கொண்டது.

நம் ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த சீட் நமக்கு. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அதை எடுத்துவிட்டு உட்கார எவனுக்கும் மனசு வராது. அண்ணன் இதில் கில்லாடி. ஓடுகிற பஸ்ஸில்கூடக் குறி தவறாது. "துண்டு போட்டுட்டுப் போன ஆளு வராம இருப்பாரா?" என்பார் அண்ணி. நெற்றியில் குங்குமம் ஒரு நாள்கூட அழிந்ததில்லை.

இப்போது ஏன் இந்தப் பயணம்?

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போட வேண்டும். ஆண் என்றால் புது வேட்டி, பெண் என்றால் புதுப் புடவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு இலை போட வேண்டும். அண்ணனுக்கு இலை போடுவதா? உயிரோடு இருப்பவருக்குப் போட்டால் நாங்களே அவரைக் கொன்ற மாதிரி. இறந்தவருக்குப் போடாவிட்டால்? பெற்ற மகள் கல்யாணத்தில், அப்பா வெறும் வயிற்றோடு வாசலில் நிற்பார் என்பார்கள்.

செத்தவருக்கு ஒரு சடங்கு இருக்கிறது. இருப்பவருக்கு ஒரு ரேஷன் கார்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

வடிவுடையம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தோம். சிவப்பு வந்தால் இருக்கிறார், வெள்ளை வந்தால் இல்லை. முதல் தடவை சிவப்பு. மனசு கேட்காமல் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கட்டினோம். வெள்ளை. அந்தத் தாயே தயங்கினால் நான் எங்கே போவேன்?

அப்புறம்தான் அண்ணி சொன்னார். "அந்தத் தண்ணிய நான் ஒரு தபா பாக்கணும் தம்பி. பாத்துட்டு சொல்றேன்."

அதனால் திட்டம் இப்படி. குர்தா ரோட்டில் இறங்கி, ஊற்றைப் பார்த்து, சிவனைக் கும்பிட்டுவிட்டு பூரி. அமாவாசை அன்று கடலில் நான் எள்ளும் தண்ணீரும் விடுவேன். அப்போது அண்ணன் பெயரைச் சொல்வதா வேண்டாமா... அது அண்ணி வாயிலிருந்து வர வேண்டும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். அந்த ரயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் போகிறது. தினமும் அது போகும்போது பாத்திரமெல்லாம் அதிரும். ஆனால் நிற்காது. நாங்கள் மூட்டை முடிச்சோடு தெற்கே சென்ட்ரலுக்குப் போய் ஏறி, திரும்ப எங்கள் கொல்லைப்புறத்தையே தாண்டி, விம்கோ நகர், எண்ணூர் என்று வடக்கே போக வேண்டும்.

கோமதி புளியோதரைக்கு மிளகாய் காயவைக்க ஆரம்பித்துவிட்டாள். பீரோ மேலிருந்த கம்பளி வெயிலுக்கு வந்தது. வீடு கலகலப்பாகத்தான் இருந்தது. தாஸ் வரும்வரை.

தாஸ் ராயபுரத்துக்காரன். அண்ணன் வண்டியில் அந்தப் பயணத்தில் கிளீனராகப் போனவன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். வழி கேட்கலாம் என்று நான்தான் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். என் கடை சாமி படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை. மழை பெய்கிற மாதிரி பனி இறங்கிய ஒரு மார்கழிக் காலை. எதிர்ச் சாரியே தெரியவில்லை. எண்ணூர்ப் பக்கத்துச் சிம்னியும் தெரியவில்லை, அதன் புகை மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

"இத்த மாதிரிதான் அண்ணாத்த அன்னிக்கும்" என்றான் தாஸ். "பனி ஒரு பக்கம், தண்ணிலேர்ந்து வர்ற ஆவி ஒரு பக்கம். கைய நீட்னா கை தெரில. 'டீ சொல்லிகினு இர்ரா, தோ வந்துர்றேன்'னு துண்ட தோள்ல போட்டுகினு போனாரு. ரெண்டு டீ வந்துச்சு. ஆடை கட்டிச்சு. ஆளு வர்ல."

"இதெல்லாம் அப்பவே சொன்னதுதானேடா."

"சொல்லாதது ஒண்ணு கீது." நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "நான் தேடிகினு போனேன். குளிக்கிற எடத்துலேர்ந்து ஈர அடி. வெறுங்காலு. படி ஏறி, மண்டபத்த தாண்டி, நேரா நம்ம வண்டிக்கு வருது. அந்தக் குளுருல ஒவ்வொரு அடிலேர்ந்தும் பொக வந்துகினு கீது அண்ணாத்த! ஏறிப் பாத்தேன். ஸ்டேரிங் மேல துண்டு. சூடா, சொட்டச் சொட்ட. ஆளு இல்ல. வண்டிக்கு வர்ற அடி கீது... வண்டிலேர்ந்து எறங்கிப் போற அடி இல்ல."

கடையில் சுற்றிலும் முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, ஃப்ரேம் போட வந்த யார் யாரோ... எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா இத்தனை வருஷம் சொல்லல?"

"போலீஸ்ல சொன்னேன். குடிச்சிக்கிறியாடான்னு அறைஞ்சாங்கோ. அப்பால அண்ணிகிட்ட எப்படி சொல்றது? பேயி இட்டுகினு போயிடுச்சின்னா?"

"தாஸு..."

திரும்பிப் பார்த்தோம். கடை வாசலில், பனிக்குள், டிபன் கேரியரோடு அண்ணி. எவ்வளவு நேரமாக நிற்கிறார், தெரியவில்லை.

அழவில்லை. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"குளிக்கப் போறப்ப செருப்பு போட்டுகினா போனாரு?"

"இல்ல அண்ணி. கோயில் பக்கம்னு வண்டிலயே கழட்டி வெச்சிட்டுதான் போனாரு."

"நீ ஏறிப் பாத்தப்போ அந்தச் செருப்பு வண்டில இருந்துச்சா?"

தாஸின் கண் எங்கோ போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அதை அவன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"...இல்ல அண்ணி."

"காலத் தொடச்சிகினு, செருப்ப மாட்டிகினு எறங்கியிருப்பாரு. காஞ்ச செருப்புக்கு அடி விழாது தாஸு."

கேரியரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு தப்படியில் பனி அவரை மூடிக்கொண்டது.

பேய் என்றால் பரவாயில்லை என்று தோன்றியது எனக்கு. பேய்க்கு விபூதி இருக்கிறது. தாயத்து இருக்கிறது. அம்மன் இருக்கிறாள். தன் காலால் நடந்து போன செருப்புக்கு எந்தக் கோயிலில் போய் மந்திரிப்பது?

அவர் எங்கே போனார்? யார் கூப்பிட்டுப் போனார்? அந்த ஆவிக்கு அந்தப் பக்கம் என்ன பார்த்தார்? எனக்குத் தெரியாது. இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கும் தெரியப்போவதில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கோமதி பயந்துபோனாள். "அக்கா, அந்த ஒரு டிக்கெட்ட மட்டும் கேன்சல் பண்ணிடலாமே" என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"எதுக்கு? கெடைச்ச எடம். இருக்கட்டும்."

"டிடிஆர் வந்து அந்த சீட்டு ஆளு எங்கன்னு கேட்டா இன்னாக்கா சொல்றது?"

அண்ணி மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னார். "டீ குடிக்கப் போயிருக்காருன்னு சொல்லு."

கோமதி சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அன்று மதியம் அண்ணி டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தார். சிவப்புக் கரை போட்ட சாதாரணத் துண்டு. என் கையில் கொடுத்தார். ஈரமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாமே கொஞ்சம் ஈரம்தான். கடல் காற்றில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். ஆனால் இது வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டிக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு, அடுப்புச் சூடு சுவர் வழியாக இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "தாயே வடிவுடையம்மா" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

அன்றைக்குக் காலையிலிருந்து யாரும் அடுப்பே பற்றவைக்கவில்லை, எல்லாருக்கும் கடை இட்லி, கேரியரில் வந்ததும் அதுதான் என்பது ராத்திரி சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது.

நேற்று அண்ணி மறுபடி கடைக்கு வந்தார். கையில் அண்ணன் போட்டோ. நான்தான் அப்போது ஃப்ரேம் போட்டுக் கொடுத்தது. உப்புக் காற்றில் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது.

"புது சட்டம் போட்டுக் குடு தம்பி. அந்த ஊர்ல நாலு பேருகிட்ட காட்டணும்ல."

வாங்கிக் கண்ணாடியைக் கழற்றினேன். அளவு எடுத்தேன். கை பழக்கத்தில் வேலை செய்தது, வாயும் பழக்கத்தில் வேலை செய்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போட்டோவோடு வருகிறவர்களிடம் "இவர் இருக்கிறாரா, இல்லையா?" என்று கேட்கக் கூடாது. எப்படிக் கேட்பது? அதனால் வேறு ஒன்றைக் கேட்போம். இறந்தவர் படம் என்றால் மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு வைப்போம் இல்லையா... அதைக் கேட்போம். ஆமாம் என்றால் புரிந்துகொள்வோம். வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வோம்.

"பல்பு வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

என் அண்ணியிடம். என் அண்ணன் படத்துக்கு.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னால் வடக்கே போகிற ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. சுவரில் இருந்த சாமிகளெல்லாம் ஆணியில் லேசாக ஆடி நின்றார்கள்.

அண்ணி கோபப்படவில்லை. தோள்பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த அந்தத் துண்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"போறப்ப துண்டு போதும் தம்பி. பல்பு... வர்றப்ப கேளு."

ஃப்ரேம் ரெடியாகிவிட்டது. பல்பு ஒயருக்கான ஓட்டையை மட்டும் இன்னும் போடவில்லை.